ஒன்றும் செய்யாத ஊசி

சலவைக்கூடத்தில் எனக்கு ‘வாய்’ என்று பெயர். அதிகம் பேசுகிறவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அங்கே வேலை செய்யும் எங்கள் ஆட்கள் பதினேழு பேரில் இந்த நாட்டு மொழியைத் தட்டுத்தடுமாறாமல் பேச வருவது எனக்கு மட்டும்தான். லீவு கேட்க வேண்டுமென்றாலும் சரி, டூட்டி மாற்றித் தரச் சொல்ல வேண்டுமென்றாலும் சரி, “வாயைக் கூப்பிடு” என்பார்கள். நானும் கையைத் துடைத்துக்கொண்டு போய், அவர்களுக்காகக் கோபப்பட்டுவிட்டு வருவேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் போர்வை, தலையணை உறை, நோயாளிகள் போடும் அங்கி எல்லாவற்றையும் வெளுத்து, உலர்த்தி, மடித்து மேலே அனுப்புவது எங்கள் வேலை. தொற்று உள்ள துணிகளைச் சிவப்புப் பையில் கட்டி அனுப்புவார்கள். பையைப் பிரிக்காமல் அப்படியே மெஷினுக்குள் போட வேண்டும். வெந்நீரில் பை தானாகக் கரைந்துவிடும். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு நாலைந்து பை வரும். அந்தக் காய்ச்சல் பரவிய வருடம் வண்டி வண்டியாக வந்தது.

தடுப்பூசி போட ஆரம்பித்து இரண்டு மாதம் கழித்து, சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் எங்கள் கேன்டீனுக்கு வந்தாள். எங்கள் இனம்தான், ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழை விடுமுறை நாள் வகுப்பில் படித்திருப்பாள் போலிருக்கிறது. பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்த மாதிரி பேசினாள். சுவரில் ஒரு படம் காட்டினாள். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கம்பம். வரிசையில் கடைசியாக, வளராத பிள்ளை மாதிரி நின்றது எங்கள் கம்பம்.

“நம் மக்களில் முப்பத்தொரு சதவீதத்தினரே தடுப்பூசி செலுத்திக்கொண்டுள்ளனர். உங்கள் தயக்கத்திற்கான காரணங்களை அறிய விரும்புகிறேன்,” என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எங்களிடையே ‘சதவீதம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது.

“தயக்கமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா,” என்றாள் மெஷின் பிரிவில் இருப்பவள். “ஊசி போடற இடத்தைப் பத்து மணிக்குத் திறந்து நாலு மணிக்கு மூடிடறாங்க. நாங்க ஏழு மணிக்கு உள்ள வந்தா அஞ்சு மணிக்குத்தான் வெளிய போறோம். எப்பப் போறது?”

“ஃபாரத்துல குடும்பப் பேருன்னு ஒரு கட்டம் இருக்கு,” என்றாள் இன்னொருத்தி. “எனக்கு இருக்கிறதே ஒரு பேரு. கட்டத்தைச் சும்மா விட்டா கம்ப்யூட்டர் அடுத்த பக்கமே போக மாட்டேங்குது. சரின்னு வீட்டுக்காரர் பேரைப் போட்டேன். அட்டையில இருக்கிற பேரு வேறன்னு வெளிய தள்ளிடுச்சு.”

சதவீதம் தலையை ஆட்டி ஆட்டிக் குறித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற நான் எட்டிப் பார்த்தேன். ‘ஆழமான பண்பாட்டுத் தயக்கம். அச்சத்தை நேரடியாக ஒப்புக்கொள்வதில்லை’ என்று இந்த நாட்டு மொழியில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி மனசுக்குள் சுருக்கென்றது. மற்ற பதினாறு பேரைப் பற்றி அவள் எழுதியது சுத்தத் தப்பு. என்னைப் பற்றி என்றால் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை.

நானும் வெளியே நேரம் ஒத்துவரவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினொரு வருடம் முன்பு, நான் இங்கே வந்த புதிதில், இதே ஆஸ்பத்திரியில்தான் என் மகள் பிறந்தாள். அப்போது எனக்கு மொழி தெரியாது. வலியில் கிடக்கிறேன், நாலு பேர் வந்து நின்று ஏதோ சொன்னார்கள். தலையை ஆட்டினேன். ஒரு காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே என் உடம்பே எனக்கு இல்லாமல் போனது. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்திருக்கிறார்கள் என்பதே மறுநாள் தையலைப் பார்த்துத்தான் தெரிந்தது. பிள்ளை நன்றாக இருந்தாள், நானும் பிழைத்துக்கொண்டேன், அவர்கள் செய்தது சரியாகவே இருக்கலாம். மொழி படித்த பிறகு, பீரோவில் இருந்த அந்தக் காகிதத்தை ஒரு நாள் எடுத்து வாசித்தேன். ‘முழுமையாக விளக்கப்பட்டது; நோயாளி புரிந்துகொண்டு சம்மதித்தார்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருந்தது. அதற்கப்புறம் அந்தக் கட்டிடத்தின் போர்வைகளை வெளுப்பேனே தவிர, அங்கே ஊசிக்குக் கை நீட்ட எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

இதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னேன். என் அண்ணியிடம்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு ஆறு வருடம் முன்பு வந்தவள். எனக்கு மூன்று வயது மூத்தவள், அதிகம் பேச மாட்டாள், அவள் முகத்தைப் பார்த்தாலே யாருக்கும் பொய் சொல்லத் தோன்றாது. போர்வை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எங்கள் சூப்பர்வைசர் எங்களை ஜோடியாகப் போட்டிருந்தார். நாத்தனாரும் அண்ணியும் நாள் முழுக்க எதிரும் புதிருமாக நின்று சண்டை போடாமல் வேலை செய்வதைப் பார்க்கவே சிலர் வருவார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் மடித்துக்கொண்டே அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“முதல்ல நான் போட்டுக்கறேன். ஒரு வாரம் பாரு. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நீ போட்டுக்க. ஏதாவது ஆச்சுன்னா விட்டுடு. சரியா?”

“உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அண்ணன் என்னை உயிரோட விடுவாரா?”

“அதுக்கும் சேர்த்துத்தான் ஆகாதுன்னு சொல்றேன்,” என்றாள்.

அந்த வாரமே சதவீதம் திரும்பி வந்தாள். நம் மக்களின் முகம் ஒன்று விளம்பரத்துக்கு வேண்டுமாம். நம்பகமான முகமாக இருக்க வேண்டுமாம். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அண்ணியிடம் வந்து நின்றாள். அண்ணி என்னைப் பார்த்தாள். “இதைவிட நல்ல சந்தர்ப்பம் எங்க வரும்? போயிட்டு வாங்க,” என்றேன்.

மறுநாள் அவளை ஊசி போடும் இடத்துக்குக் காரில் அழைத்துப்போனார்கள். மூன்று மணி நேரம் கழித்து, கையில் ஒரு பிளாஸ்திரியும் மார்பில் ‘எனக்குப் போட்டாச்சு’ என்ற ஸ்டிக்கருமாகத் திரும்பி வந்தாள்.

“வலிச்சுதா?” என்று கேட்டேன்.

“தெரியவே இல்ல,” என்றாள்.

பத்து நாளில் அவள் ஊர் முழுக்க இருந்தாள். கடை வாசல், பள்ளிக்கூடச் சுவர், ஆஸ்பத்திரி லிஃப்ட் எல்லா இடத்திலும் அண்ணி சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு சிரித்தாள். பஸ்களின் பக்கவாட்டிலும் ஒட்டினார்கள். என் அண்ணன் பஸ் டிரைவர். அவன் ஓட்டும் பஸ்ஸிலேயே ஒட்டிவிட்டார்கள்.

“வீட்டுலயும் அவ சொல்றபடிதான் நடக்கறேன். இப்ப வேலையிலயும் அவளைத்தான் சுமந்துக்கிட்டு அலையறேன்,” என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். சலித்துக்கொள்வது போலத்தான் சொல்வான், ஆனால் டிப்போவில் பஸ்ஸைக் கழுவும்போது அந்தப் பக்கத்தைத் தானே துடைப்பானாம்.

அண்ணியின் போன் ஓயவில்லை. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள், எப்போதோ ஒரு கல்யாணத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். “காய்ச்சல் வந்துச்சா? கை வலிச்சுதா? உண்மையைச் சொல்லு.”

“எனக்கு ஒண்ணும் செய்யல,” என்பாள் அண்ணி. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்த அடக்கமே பெரிய அத்தாட்சியாகப் போய்விட்டது. பீற்றிக்கொள்கிறவளாக இருந்தால் நாலு பேராவது சந்தேகப்பட்டிருப்பார்கள்.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. சிவப்புப் பை குவிந்துகொண்டே போகிறது, ஆள் குறைந்தால் மெஷின் நின்றுவிடும் என்று பயந்த எங்கள் சூப்பர்வைசர், சதவீதத்தின் தலைமை அலுவலகத்தோடு சண்டை போட்டு, ஞாயிற்றுக்கிழமை எங்கள் கேன்டீனிலேயே ஊசி போட ஏற்பாடு செய்தார். ஃபாரத்தில் குடும்பப் பெயர் கட்டத்தில் கோடு போட்டாலும் போதும் என்று ஆக்கினார்கள். எங்கள் ஆட்கள் வீட்டில் உள்ளவர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வரிசை சைக்கிள் நிறுத்தம் வரைக்கும் போனது.

நானும் நின்றேன். என் முறை வந்தபோது நர்ஸ் விளக்கிச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். எதிர்ச் சுவரில் அண்ணி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே கை கல்லாகிவிட்டது. இரண்டு நாள் அடித்துப்போட்ட மாதிரி கிடந்தேன். என்னைப் போலப் பாதிப்பேர். இதெல்லாம் சகஜம், மூன்றாம் நாள் சரியாகும் என்று நர்ஸ் முன்கூட்டியே சொல்லியிருந்தார், அதே போலச் சரியாகவும் ஆனது. ஆனால் எங்கள் ஆட்கள் நர்ஸ் சொன்னதைக் கேட்டுக்கொண்டா வந்தார்கள்? அண்ணி சொன்னதைக் கேட்டுத்தானே வந்தார்கள்.

“ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னாளே புண்ணியவதி. என்னால தோசைக்கரண்டி பிடிக்க முடியல,” என்று மெஷின் பிரிவுக்காரி எனக்கு போன் பண்ணிப் புலம்பினாள். “அவளுக்கு மட்டும் எப்படி ஒண்ணும் செய்யாமப் போச்சு? இரும்புல செஞ்ச உடம்பா?”

அந்த இரண்டு நாளும் அண்ணி என் பக்கத்தை விட்டு நகரவில்லை. நெற்றியில் ஈரத்துணி போட்டாள், காலைப் பிடித்துவிட்டாள், என் மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். சாதாரணக் காய்ச்சலுக்கு இத்தனை பணிவிடை எதற்கு என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களில் கடைசி வரைக்கும் போட்டுக்கொள்ளாதவர் இஸ்திரிப் பிரிவில் இருந்தவர் ஒருவர்தான். “போஸ்டர்ல சிரிக்கிறதுக்கு அவளுக்கு என்ன குடுத்தாங்கன்னு கேளுங்க,” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அடுத்த மாதம் அவருக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வாரம் மேலே ஐந்தாம் மாடியில் கிடந்தார். அவருடைய போர்வையும் சிவப்புப் பையில்தான் கீழே வந்திருக்கும். எது அவருடையது என்று எங்களுக்குத் தெரியாது. பிழைத்து வந்துவிட்டார். இன்றைக்கும் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் மேலே ஏறுகிறார்.

முதல் ஊசிக்கு ஐந்து வாரம் கழித்து எனக்கு இரண்டாவது. அண்ணிக்கும் இரண்டாவதற்கான நாள் தாண்டியிருந்தது. இந்த முறை அரை நாள் லீவு போட்டு ஊசி போடும் இடத்துக்கே சேர்ந்து போனோம். தாடி வைத்த ஒரு நர்ஸ், வயதானவர், நிதானமானவர், முதலில் அண்ணியைக் கூப்பிட்டார். நான் மொழிபெயர்க்கப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“முதல் ஊசிக்கு ஏதாவது தொந்தரவு இருந்ததா?” என்று கேட்டார். அண்ணியிடம் சொன்னேன்.

மேசையில் இருந்த பஞ்சு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, “முதல் ஊசி போடாம ரெண்டாவது ஊசியைப் போட்டா உடம்புக்கு ஏதாவது ஆகுமான்னு கேளு,” என்றாள்.

“எதுக்கு? உங்களுக்குத்தான் முதல் ஊசி போட்டாச்சே.”

“கேளேன்.”

“அண்ணி, அவர் கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க.”

“போடலம்மா,” என்றாள். குரலே எழும்பவில்லை. “எனக்கு இன்னும் போடல.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நடந்ததை அங்கேயே, அந்த நர்ஸ் பேனாவைப் பிடித்தபடி காத்திருக்க, துண்டு துண்டாகச் சொன்னாள். போட்டோகிராஃபர் இருபது தடவையாவது எடுத்தானாம். ஒவ்வொரு தடவையும் குத்த முடியுமா? அதனால் முனையும் இல்லாமல் மருந்தும் இல்லாமல் வெறும் குழாயைக் கையில் வைத்து, அதை விரலால் மறைத்து எடுத்திருக்கிறார்கள். ஸ்டிக்கர் வேண்டும் என்றானாம். ஊசி போட்டதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் மெஷின் ஸ்டிக்கரைத் துப்பும். எப்படியும் இப்போது போடத்தானே போகிறோம் என்று அங்கிருந்த பெண் ஏற்றிவிட்டாள். படம் எடுத்து முடிப்பதற்குள் அன்றைக்கு வந்த மருந்து தீர்ந்துபோனது. புதன்கிழமை வாங்க என்றார்கள்.

“புதன்கிழமை லீவு போட்டுட்டுப் போனேன். ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி, உனக்குப் போட்டாச்சு, போன்னு சொல்லிட்டாங்க. இல்லைன்னு சொல்ல எனக்கு அவங்க மொழி வரல. சொல்லக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். உன்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்காகத்தானே…”

“சதவீதத்துகிட்ட சொல்ல வேண்டியதுதானே? அவளுக்குத் தமிழ் தெரியுமே.”

“சொன்னேன். அதுக்குள்ள பஸ்ஸிலெல்லாம் ஒட்டியாச்சு, இப்ப அழிச்சா விஷயம் வெளிய போயிடும், ரெண்டாவது ஊசி வரைக்கும் பொறுத்துக்கங்கன்னு சொன்னா.”

நர்ஸ் என்னைப் பார்த்து, “என்ன சொல்கிறார்?” என்றார்.

இத்தனை வருடத்தில் மற்றவர்கள் சொன்னதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். லீவு, டூட்டி, பல் வலி. எதுவும் என்னுடையதல்ல. ‘தொந்தரவு ஒன்றும் இல்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம். அவளை அப்படியே மாட்டிவிட்டுப் போகும் அளவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் பிரசவத்தன்று என்னைச் சுற்றி நின்றவர்களும், நான் தலையாட்டியதை வைத்து டிக் போட்டவர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன்.

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்தார். “இரண்டு ஊசியும் ஒரே மருந்துதான். உடம்புக்கு ஒரு குழப்பமும் இல்லை. கம்ப்யூட்டருக்குத்தான் குழப்பம்,” என்றார். சதவீதத்தை போனில் கூப்பிட்டார்.

மேல் மாடியிலிருந்து ஓடி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

“மன்னியுங்கள் அக்கா. நான் ஏமாற்ற நினைக்கவில்லை,” என்றாள். “நம் மக்களின் சதவீதம் அவ்வளவு குறைவாக இருந்தது. பிறகு சரிசெய்துவிடலாம் என்று எண்ணினேன். ஆனால் விளம்பரம் ஒட்டிய மறுநாளே ஆயிரம் பேர் முன்பதிவு செய்துவிட்டார்கள்.” அழுதுவிடுவாள் போலிருந்தது. அந்தப் புத்தகத் தமிழில் ஒருத்தி அழுவதைப் பார்க்க எனக்கே பாவமாகப் போய்விட்டது.

பழைய பதிவை அழிக்க அவளுக்கு அதிகாரம் இல்லையாம். அதற்கு ஒரு கமிட்டி கூட வேண்டும்; கமிட்டி கூடினால் காரணம் எழுத வேண்டும். கடைசியில் வழி சொன்னவர் அந்தத் தாடிக்கார நர்ஸ்தான். இன்றைக்கு அண்ணிக்கு முதல் ஊசியைப் போடுவார், கம்ப்யூட்டரில் அது இரண்டாவதாக ஏறும். நாலு வாரம் கழித்து, மூடுகிற நேரத்தில் அவள் வர வேண்டும். குப்பியில் கடைசியாக ஒரு ஆளுக்கு மீந்த மருந்து இருந்தால் ‘வீணாகிவிட்டது’ என்று எழுதிக் குப்பையில் போடுவது வழக்கம். அதை அவளுக்குப் போட்டுவிட்டு, வீணாகிவிட்டது என்று எழுதுவார்.

“போடாததைப் போட்டதாக எழுதிவிட்டார்கள். இனி போட்டதை எறிந்ததாக எழுதினால்தான் சரியாக வரும்,” என்றார். தமாஷாகச் சொல்லவில்லை. அலுத்துப்போய்ச் சொன்னார்.

அப்படியே நடந்தது. ஆவணங்களின்படி என் அண்ணியின் முதல் ஊசி ஒரு போட்டோ, மூன்றாவது ஒரு குப்பைத்தொட்டி. நடுவில் போட்டது மட்டும் உண்மை, அதுவும் வேறு நம்பரில்.

இரண்டு மாதத்தில் எங்கள் கம்பம் எழுபத்தாறுக்கு வளர்ந்தது. சதவீதத்துக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. ‘பண்பாட்டுக்கு ஏற்ற நம்பகமான முகமே வெற்றிக்குக் காரணம்’ என்று அறிக்கையில் எழுதியிருந்தார்கள். இலக்கை எட்டிவிட்டதால் ஞாயிற்றுக்கிழமை முகாம் இனித் தேவையில்லை என்று அதை நிறுத்தினார்கள். குடும்பப் பெயர் கட்டத்தில் கோடு போடும் சலுகையும் அதோடு போனது. வேறு இரண்டு இனத்தாரின் கம்பம் இன்னும் குட்டையாகவே இருந்ததால், அண்ணியின் படத்தையே அவர்கள் மொழியில் வாசகம் மாற்றி ஒட்டலாமா, பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒரே சாயல்தானே என்று மேலிடத்தில் கேட்டார்களாம். சதவீதம் அதற்கு மட்டும் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டாள். எங்களிடம் வந்து சொன்னபோது முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வீட்டுத் தமிழ் வந்தது. “அவங்களுக்குப் போய் நேரத்தை மாத்திக் குடுங்கன்னு சொன்னேன் அக்கா. யாரும் காதுல போட்டுக்கல.”

மீந்த மருந்துக்காகக் காத்திருந்த நாலு வாரமும் நானும் அண்ணியும் பேசவில்லை. போர்வையை மட்டும் சேர்ந்து மடித்தோம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஏமாந்து போனார்கள்.

அவளுக்கு முதலில் போட்ட உண்மையான ஊசியின் காய்ச்சல் ஒரு நாள்தான் அடித்தது. அன்றைக்கு நான் போகவில்லை. ஆனால் மீந்த மருந்தைப் போட்டுக்கொண்ட பிறகு இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை என்று அண்ணன் சொன்னான். எதனால் என்று அவனுக்குத் தெரியாது. அவனிடம் இன்றுவரை நாங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் போனேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், கொதித்தது.

“கை வலிக்குதா?”

“உயிர் போகுது,” என்றாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ போட்டுக்கிட்டிருப்பியா?”

யோசித்துப் பார்த்தேன். ஐந்தாம் மாடியில் கிடந்த இஸ்திரிக்காரரையும் நினைத்துக்கொண்டேன். “மாட்டேன்,” என்றேன்.

“அப்புறம் என்ன?”

“அப்பவும் சொல்லியிருக்கணும் அண்ணி.”

அவள் சண்டைக்கு வருவாள், தன்னை நியாயப்படுத்துவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்திருக்கும்.

“ஆமா,” என்றாள். “சொல்லியிருக்கணும்.”

அதற்கு மேல் அவளிடம் கோபப்பட எனக்கு வழி தெரியவில்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை. எழுந்து போய் அண்ணனுக்குத் தட்டில் சோற்றைப் போட்டேன். “உனக்கு முதல் ஊசி ஒண்ணும் செய்யலையே, ரெண்டாவது போட்டே ஒரு மாசம் ஆச்சு, இப்ப ஏன் இப்படிப் படுத்துது?” என்று அவன் அண்ணியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“சிலருக்கு அப்படித்தான் அண்ணா, லேட்டா வேலை செய்யும்,” என்று சொல்லிவிட்டுக் குழம்பை எடுக்க உள்ளே போனேன்.